அடித்தொட்டியின் வரலாறும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும்

பெரிய மீன்தொட்டியை வீட்டில் வைத்திருப்போர், அதன் கீழுள்ள பேழைக்குள் இன்னொரு தொட்டியை மறைத்து வைப்பர். 'சம்ப்' என்று வழங்கும் இதனை அடித்தொட்டி எனலாம். மேற்றொட்டியின் விளிம்பால் வழியும் நீர் குழாய்வழி கீழிறங்கிப் பஞ்சினூடும் நுண்டுளைக் கற்களினூடும் சென்று, மோட்டரின் வலுவால் மீண்டும் மேலேறும். அலங்காரக் கடைகளில் இதனைக் காண்போர் அண்மைக்காலப் புதுமை என எண்ணுதல் இயல்பே. ஆயின் இதன் வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றில் எழுந்த ஒரு வினா நம் குடாநாட்டின் கிணறுகளையும் தொடுவதாலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

1850 ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயனவியலாளர் றொபேட் வாறிங்டன், பொன்மீன்களையும் நீர்ப்பூண்டையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் இட்டு, நீரை மாற்றாமலே அவற்றை நெடுநாள் வாழவைக்கலாம் என அறிவித்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு ஏற்கும். பூண்டு தரும் ஒட்சிசனை மீன் ஏற்கும். அழுகும் இலையை நத்தை தின்னும். இச்சமநிலைக் கொள்கை விரைவிற் புகழ்பெற்றது. 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ்ஸின் நூல் வெளிவந்தபின் மீன்தொட்டி வீட்டுக்கூடங்களின் அணியாயிற்று. எனினும் மீன் மிகுந்த பெருந்தொட்டிகளைப் பூண்டு மட்டும் காத்துவிடவில்லை. நீர் கலங்கியது, மீன்கள் மாண்டன.

இவ்விடத்திலேதான் வில்லியம் அல்போர்ட் லொயிட் என்பார் முதன்மை பெறுகின்றார். பல்கலைக்கழகக் கல்வி பெறாத அவர், மீன்தொட்டி விற்கும் கடை நடத்தித் தம் அனுபவத்தாலேயே அறிவு பெற்றவர். 1871 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் அவர் அமைத்த மீன்காட்சியகத்தில், மக்கள் கண்ட தொட்டிகளின் நீரினும் பல மடங்கு நீர் நிலத்தின் கீழ் இருட்டில் தேங்கியிருந்தது. நீராவி இயந்திரம் அதனை இடையறாது மேலேற்றிற்று. ஒரு தொட்டியிற் சேரும் கேடு பெருநீரிற் கலந்து மெலியும்; இருளிற் பாசி படராது; ஓட்டத்தாற் காற்று நீரிற் கரையும். இன்றைய அடித்தொட்டியின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்றே கூறலாம். தமிழ்நிலத்தில் எட்கர் தேஸ்டனின் திட்டப்படி சென்னை மெரினாக் கரையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது 1909 ஆம் ஆண்டிலாகும்.

ஓடும் நீர் ஏன் தூய்மையாகின்றது என்பதற்கு லொயிட் காலத்தார் அறிந்த விடை காற்று ஒன்றே. உண்மையான விடை மண்ணியலாரிடமிருந்து வந்தது. 1877 இல் பிரான்சிய அறிஞர் ஷ்லோசிங், மியூன்ஸ் இருவரும் கழிவுநீரை மணலினூடு மெல்லச் செலுத்தி, அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுபவை உயிரிகளே எனக் காட்டினர். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, இம்மாற்றம் நைத்திரைற்று, நைத்திரேற்று என இரு படிகளில் வெவ்வேறு உயிரிகளால் நிகழ்வது எனத் தெளிவித்தவரின் பெயரும் றொபேட் வாறிங்டன்! முன்னவரின் மைந்தரே இவர். தந்தை தொட்டியிற் கண்ட சமநிலையில் விடுபட்டிருந்த கண்ணியை மைந்தர் வயல்மண்ணிற் கண்டெடுத்தார். இருவர் ஆய்வையும் ஒருங்கே வைத்து நோக்குவோர் அரியர். 1890 இல் வினோகிராட்ஸ்கி அப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். பின்னர் நகரக் கழிவுநீரைக் கற்குவியலின்மேற் சொரிந்து தூய்மையாக்கும் முறை பரவியது. அதே முறை ஒல்லாந்தரான ஜோர்ஜ் ஸ்மிற் 1986 இல் அமெரிக்க இதழொன்றில் எழுதிய கட்டுரைகளால் வீட்டு மீன்தொட்டிக்குப் பரவலாக வந்து சேர்ந்தது.

2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டில் இம்முறைக்கு ஒரு சிறப்புண்டு. காற்றில் நனைந்து கிடக்கும் கற்களில் வாழும் பற்றீரியாக்கள், மூடிய வடிகலத்துள் இருப்பவற்றைப்போல் விரைவில் ஒட்சிசனின்றி மடிவதில்லை. ஆயின் மோட்டர் நின்றதும் மேலிருந்து இறங்கும் நீருக்கு அடித்தொட்டியில் வெற்றிடம் விடாதவர் வீட்டுத் தரை வெள்ளக்காடாகும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். அடித்தொட்டி அமோனியாவை அழிப்பதில்லை. நஞ்சு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றது. அது நாளும் பெருகும். நீரின் ஒரு பகுதியை அகற்றிப் புதுநீர் விடுதலே அதனைக் குறைக்கும் பொதுவழி என நூல்கள் கூறும். அந்நூல்களை எழுதியோர் புதுநீரில் நைத்திரேற்று அரிது எனக் கொண்டனர். வலிகாமத்தில் அவ்வாறு கொள்ள இயலாது. வற்றாத ஆறில்லாத நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரையே உண்டு வாழ்கின்றது. அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமே; புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் யாவரும் அறிந்தது. துலா மிதித்து இறைத்த காலத்தில் இறைப்புக்கு மனிதவலுவே எல்லை வகுத்தது. இறைக்கும் இயந்திரமும் யூரியாவும் வந்தபின் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தில் பயிர் உண்ணாத பகுதி மெல்லிய செம்மண்ணைக் கடந்து கிணற்றிற் கலந்தது. மலக்குழிகளும் தம் பங்கைச் சேர்த்தன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதனை விஞ்சிய கிணறுகள் பல வலிகாமத்தில் உள்ளமையை 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டிவருகின்றன. லொயிட்டின் நிலக்கீழ்த் தேக்கம் போன்றதே நம் சுண்ணக்கல்லும். ஆனால் இங்கே நைத்திரேற்றை மெலிவிக்கப் போதிய பெருநீரில்லை.

எனவே இங்கு மீன்தொட்டி வைப்போர் கிணற்று நீரை முதலிற் சோதித்தல் வேண்டும். நைத்திரேற்று மிகுந்திருப்பின், அடித்தொட்டியின் ஓர் அறைக்கு விளக்கிட்டு விரைந்து வளரும் நீர்ப்பூண்டை நட்டு, அவ்வப்போது அரிந்தெடுத்தல் தகும். தந்தை வாறிங்டனின் பூண்டு மேற்றொட்டியிலிருந்து கீழறைக்கு இடம் மாறுகின்றது, அவ்வளவே. முருகைக்கல்லை வடிகல்லாக இடுவது நம் வன்னீரை மேலும் வன்மையாக்கும், ஓட்டுத்துண்டு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்துக் கிணற்று நீரோடு கலந்து விட்டால் வன்மையும் நைத்திரேற்றும் ஒருங்கே குறையும். முதல் மழை கூரையின் அழுக்கைக் கழுவிச் செல்ல விட்டு, அடுத்த மழையிலிருந்து சேர்த்தல் நன்று.