ஆட்சி அமைக்க அழைப்பு

தேர்தல் முடிந்ததும் முதல்வர் அல்லது பிரதமர் பொறுப்பை ஏற்க வருமாறு ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒருவருக்கு விடுக்கும் அழைப்பு. ஒரு கட்சி தெளிவாக வென்றுவிட்டால் இது வெறும் சடங்கு. எம்.எல்.ஏ.க்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் கடிதத்தோடு ஆளுநர் மாளிகைக்குப் போவார், பதவியேற்புக்கு நாள் குறிப்பார்கள். எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத தேர்தல்களால்தான் இந்த அழைப்புக்கு ஒரு வரலாறு உண்டாயிற்று.

அரசமைப்புச் சட்டம் இது பற்றிப் பேசுவது மிகச் சொற்பம். 164ஆம் உறுப்பின்படி முதல்வரை ஆளுநர் நியமிப்பார். அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கும். உறுப்பினராக இல்லாத அமைச்சர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். மத்திய அரசுக்கு 75ஆம் உறுப்பு இதையே சொல்கிறது. யாரை முதலில் அழைப்பது, பெரும்பான்மையை எத்தனை நாளில் மெய்ப்பிப்பது என்பதற்கு அதில் விடை இல்லை. இடைக்கால அரசைக் குறிக்க நாளேடுகள் ஓயாமல் எழுதும் ‘காபந்து சர்க்கார்’ என்ற சொல்லும் அதில் கிடையாது. மக்களவை கலைக்கப்பட்ட பிறகு இந்திரா காந்தி பிரதமராக நீடிக்கலாமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை கூற எந்நேரமும் ஓர் அமைச்சரவை இருந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971இல் முடிவு செய்தது. பழைய அரசு போய்ப் புதிய அரசு வரும்வரையான இடைவெளியை நிரப்புவது இந்தத் தீர்ப்புதான்.

அரசமைப்பின் வரைவில் ஒரு வழிகாட்டல் இருந்தது. நிலையான பெரும்பான்மையைத் திரட்டக்கூடியவர் என்று தாம் கருதுபவரை ஆளுநர் முதல்வராக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல், 1935ஆம் ஆண்டுச் சட்டகாலத்து ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டு வரைவின் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்தது. மரபே போதும் என்ற எண்ணத்தில் 1949 அக்டோபரில் அரசமைப்பு அவை அதை நீக்கிவிட்டது. அந்த நம்பிக்கை மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை.

முதல் சோதனை சென்னையில் நடந்தது. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதல்வராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகளும் பிற கட்சியினரும் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகத் திரண்டு, டி. பிரகாசம் தலைமையில் 166 பேர் ஆதரவு இருப்பதாக உரிமை கோரினர். ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி ஆட்சி அமைக்க அழைத்தார். நியமன வழியில் ஒரு முதல்வர் வருவது நேருவுக்கே உவப்பாக இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. ஏப்ரல் 10இல் பதவியேற்ற ராஜாஜி நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது ஜூலை 3இல். இடைப்பட்ட 84 நாள்களில் காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சராகியிருந்தார், உழைப்பாளர் கட்சியின் ஆதரவும் வந்து சேர்ந்திருந்தது. 200க்கு 151 என்ற கணக்கில் அரசு வென்றது. பதவி முதலில், பெரும்பான்மை பிறகு என்ற வரிசை எவ்வளவு வலியது என்பதை எல்லாக் கட்சிகளும் அன்றே கற்றுக்கொண்டன. அதன்பின் வந்த தகராறுகளில் பெரும்பாலானவை உள்ளபடி அவகாசத்தைப் பற்றியவை.

1967இல் ராஜஸ்தானில் பெரும்பான்மை பெறாத காங்கிரசின் மோகன்லால் சுகாடியாவை ஆளுநர் சம்பூர்ணானந்த் அழைத்தபோது கலவரம் வெடித்து, கடைசியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1982இல் ஹரியானாவில், ஆதரவாளர்களோடு மே 24இல் வரச்சொல்லி எதிரணித் தலைவர் தேவிலாலுக்கு நாள் குறித்திருந்த ஆளுநர் தபாசே, அதற்கு முந்தைய நாளே காங்கிரசின் பஜன்லாலுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பஜன்லாலுக்குப் பெரும்பான்மை சேர ஒரு மாதம் போதுமானதாக இருந்தது.

டெல்லியில் குடியரசுத் தலைவர்களும் ஆளுக்கொரு வழியில் போனார்கள். 1989இல் ஆர். வெங்கட்ராமன் தனிப்பெரும் கட்சியையே முதலில் நாடினார். 197 இடங்கள் பெற்ற ராஜீவ் காந்தி மறுத்ததும் வி. பி. சிங்கை அழைத்தார். சங்கர் தயாள் சர்மாவும் 1996இல் அதே வழியில் வாஜ்பாயியை அழைத்தார். அந்த அரசு 13 நாளில் வாக்கெடுப்புக்கு நிற்காமலே விலகியது. கே. ஆர். நாராயணன் 1998இல், ஆதரவுக் கடிதங்களைக் கொடுத்த பிறகே பதவி என்றார். 18 உறுப்பினர்களைக் கொண்ட அ.தி.மு.க.வின் கடிதத்துக்காக வாஜ்பாய் காத்திருக்க நேர்ந்தது அப்போதுதான்.

மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988இல் ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, பிறர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டணி. அது சட்டமாகவில்லை என்பதால் ஆளுநர்கள் வேண்டியபோது கையிலெடுத்தார்கள், வேண்டாதபோது மறந்தார்கள். 2017இல் கோவாவில் 17 இடங்கள் பெற்ற காங்கிரசை விட்டு, 13 பெற்ற பா.ஜ.க.வின் மனோகர் பாரிக்கர் அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டே கர்நாடகத்தில் 104 இடங்கள் பெற்ற பா.ஜ.க. அழைக்கப்பட்டது, அங்கே தேர்தலுக்குப் பின் சேர்ந்த காங்கிரசுக்கும் மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கும் எண்ணிக்கை அதிகம்.

ஆளுநர் மாளிகையின் கையிலிருந்த கடிகாரத்தை மெல்ல மெல்ல நீதிமன்றம் வாங்கிக்கொண்டது. பெரும்பான்மையை அவையில்தான் அளக்க வேண்டும் என்று 1994இல், கர்நாடக முதல்வராக இருந்த எஸ். ஆர். பொம்மையின் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஜெயலலிதா 2001 மே மாதம் பதவியேற்றதைச் செப்டம்பரில் செல்லாததாக்கிய தீர்ப்பு வேறொரு எல்லையைப் போட்டது. பெரும்பான்மை இருந்தாலும், தேர்தலில் நிற்கத் தகுதியிழந்தவரை ஆறு மாதச் சலுகையைக் காட்டி முதல்வராக்க முடியாது.

2018 மே மாதம் கர்நாடகத்தில் பா.ஜ.க.வின் எடியூரப்பாவுக்கு ஆளுநர் தந்த அவகாசம் 15 நாள். எதிர்த்தரப்பு எம்.எல்.ஏ.க்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு மாநிலம் தாண்டி ஹைதராபாத் போனார்கள். (எம்.எல்.ஏ.க்கள் கட்சி மாறாதபடி விடுதியில் அடைக்கப்பட்ட கூவத்தூரைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) நள்ளிரவுக்குப் பின் கூடிய உச்ச நீதிமன்றம் பதவியேற்பைத் தடுக்கவில்லை; 18ஆம் தேதி மீண்டும் கூடி, மறுநாள், 19ஆம் தேதியே வாக்கெடுப்பு என்று உத்தரவிட்டது. அன்று அவையில் உரையாற்றிவிட்டு, வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா விலகினார்.

மகாராஷ்டிரத்தில் 2019 நவம்பர் 23 விடியற்காலை 5.47க்குக் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டது. ஊர் விழித்துக் காபி குடிக்கும் நேரத்தில் பா.ஜ.க.வின் தேவேந்திர பட்னாவிஸ் மீண்டும் முதல்வர். 27ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வாக்கெடுப்பு, ரகசிய வாக்கு கூடாது, நேரலையில் காட்ட வேண்டும் என்று 26ஆம் தேதி காலை உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று பிற்பகலே அவர் பதவி விலகினார். 28இல் சிவசேனாவின் உத்தவ் தாக்கரே முதல்வராகப் பதவியேற்றார்.