டையமின் ஆக்சிடேஸ்

உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் இரு முதன்மை நொதிகளுள் டையமின் ஆக்சிடேஸ் ஒன்று. மற்றொன்றான ஹிஸ்டமின் மெத்தில் டிரான்ஸ்பெரேஸ் உயிரணுக்களுக்கு உள்ளே, குறிப்பாக மூளையில், இயங்குகிறது. டையமின் ஆக்சிடேஸோ வெளியே சுரந்து அங்குள்ள ஹிஸ்டமினைச் சிதைக்கிறது. சிறுகுடல், சிறுநீரகம், நஞ்சுக்கொடி ஆகியவற்றில் இது மிகுதி. உணவோடு வரும் ஹிஸ்டமின் இரத்தத்தில் கலக்காதபடி குடலிலேயே தடுப்பது இதன் தலையாய பணி.

இன்சுலின் ஆய்வில் பாண்டிங்குடன் உழைத்த சார்லஸ் பெஸ்ட், நுரையீரல் திசுவிலிருந்து ஹிஸ்டமின் மறைந்துபோவதை 1929இல் பதிவு செய்தார். மறு ஆண்டு அவரும் மெக்ஹென்றியும் அதற்குக் காரணமான நொதிக்கு ஹிஸ்டமினேஸ் என்று பெயரிட்டனர். புட்ரெசின், கடாவரின் ஆகிய டையமின்களையும் இது சிதைப்பதை 1938இல் ஸெல்லர் காட்டிய பிறகே இன்றைய பெயர் வந்தது.

ஒரே மாதிரியான இரு புரத அலகுகள் இணைந்தது இந்நொதி. ஒவ்வோர் அலகிலும் ஒரு செம்பு அயனி உண்டு. செம்பும் ஆக்சிஜனும் இருந்தால், புரதத்திலுள்ள ஒரு டைரோசின் தானாகவே டோப்பாகுவினோன் ஆகிவிடும். ஹிஸ்டமின் இமிடசோல் அசிட்டால்டிஹைடாக மாறுவது அந்த டோப்பாகுவினோன் உள்ள இடத்தில்தான். உடன் அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. இதற்குரிய மரபணு 7ஆம் குரோமோசோமில் உள்ளது.

கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி இதைப் பெருமளவில் சுரப்பதால் இரத்தத்தில் இதன் அளவு பல நூறு மடங்கு உயர்கிறது.

இந்நொதி குறைந்தால் உணவு ஹிஸ்டமினை உடல் தாங்காது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் இரத்தத்தில் நொதியின் அளவை மட்டும் பார்த்து அப்படி முடிவு கட்டுவது சரியன்று.

நொதி முடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று இலங்கையில் கிடைத்தது. காசநோய்க்கு ஐசோனியாசிட் உட்கொண்டவர்கள் சூரை மீன் உண்டபின் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் கண்டதை உரகொட என்ற மருத்துவர் 1970களின் பிற்பகுதியிலிருந்து எழுதினார். அம்மருந்து இந்நொதியைத் தடுக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் அதிகம். பிடித்தவுடன் குளிரில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக்கிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. ஐசோனியாசிட் எழுதிக்கொடுக்கும்போதே நோயாளியிடம் இதை எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.