கண்ணைக் கட்டிய ஆட்டம்

கோரிமேட்டில் ஜிப்மர் வளாகத்தைத் தாண்டிய ஒரு திடலில், ஒரு மாலைப்பொழுதில், பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு நின்றேன். ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க, மற்றவர்கள் குரலாலேயே அவனுக்கு வழி சொல்ல வேண்டும். இருமுறை அவன் முள்வேலியோரம் சென்று திரும்பினான். “எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை” என்றான். அதுவரை உரக்கக் கத்திக்கொண்டிருந்த ஒருவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். தன் குரல் பிறனுக்கு உதவவில்லை என்பதை அவன் அந்த நொடியில் கண்டுகொண்டான் போலும்.

இத்தகைய விளையாட்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயப் படைத்தலைவர் பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். ஓநாய், காளை, காக்கை, உள்ளான் என நான்கு அணிகளாகப் பிரிந்து அவர்கள் கூடாரங்களில் தங்கினர், சமைத்தனர், தடம் பார்த்து நடந்தனர். குலப்பெருமை அங்கே செல்லாது. நெருப்பு மூட்டத் தெரிந்தவனே வேண்டியவன். அடுத்த ஆண்டில் பேடன் பவலின் நூல் வெளிவரவே, சாரணர் இயக்கம் நாடு நாடாகப் பரவிற்று.

அந்த இயக்கத்தின் புகழ்பெற்ற விளையாட்டு ஒன்றின் வேர் நம் மண்ணில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு கதையில் இருக்கிறது. கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட ‘கிம்’ என்னும் புதினத்தில், சிம்லாவிலுள்ள ஒரு கடையில், தட்டிலிட்ட மணிக்கற்களைச் சற்று நேரம் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து சொல்லச் செய்வார்கள். சாரணர் அதனையே கிம் ஆட்டம் என்றனர். தன் கண் எதைத் தவறவிடுகிறது என்பதை ஒருவன் தானே அறிந்துகொள்ள அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கதைக்கு மண் தந்த நாட்டின் சிறுவர்களுக்கோ ஆட்டத்தில் இடமில்லை! 1909-இல் பெங்களூரில் தொடங்கிய முதல் சாரணர் குழு ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர் பல ஆண்டுகள் வெளியே நிறுத்தப்பட்டனர். முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன், சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாட்டும் நம் நாட்டுப் பாட்டு. 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது.

ஆயினும் புண் ஆறவில்லை. 1937-இல் மீண்டும் வந்த பேடன் பவல், இந்தியரின் ஒழுக்கத்தைத் தாழ்த்திப் பேசினார் என்று பலர் மனம் நொந்து விலகினர். 1938-இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. உலகெங்கும் சிறுவரைத் தம்மைத் தாமே அறியப் பழக்கிய அப்பெரியவர், தம் கண்ணில் இருந்த கட்டை உணரவில்லை என்றே நான் எண்ணுகிறேன். இதனால் அவர் கண்ட ஆட்டம் பழுதாகிவிடாது. ஆனால் ஆட்டத்தை நடத்துபவரும் ஆட்டத்திற்கு உட்பட்டவரே.

நம் திருச்சபையிலும் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. புரோட்டஸ்தாந்து நாட்டில் பிறந்த இயக்கமென்று கத்தோலிக்கர் பலர் அதை ஐயுற்றனர். இயேசு சபைக் குரு ழாக் செவென் 1913-இல் இங்கிலாந்து சென்று நேரில் பார்த்தார். 1920-இல் பிரான்சில் கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தை நிறுவியவருள் ஒருவரானார். பின்னாளில் அவ்வியக்கத்தின் பொறுப்புகளிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். கசப்பின்றி அதனை ஏற்றுக்கொண்ட அவர், 1944-இல் பெண் துறவியர் சபையொன்றைத் தோற்றுவித்தார், 1951-இல் இறந்தார். 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

இந்தியாவில் பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7-ஆம் நாள் ‘பாரத சாரணர்’ என ஒன்றாயின. மறு ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சாரணியரும் சேர்ந்தனர். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியே பறந்துகொண்டிருந்தது. அது இறங்க இன்னும் மூன்று ஆண்டுகள், 1954 நவம்பர் முதல் நாள் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.