கையொப்பம் எந்த மொழியில்?

புற்றுநோய் மருத்துவ ஆய்வுகளின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகவே படித்துப் பழகியிருக்கிறோம். ஒப்புதல் படிவங்களின் வரலாறாகவும் அதைப் படிக்கலாம்.

2009 ஜூலையில், அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயது வரையிலான ஏறத்தாழ 14,000 சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. அமெரிக்காவின் ‘பாத்’ தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு ஆகியவை இணைந்து நடத்திய அப்பணிக்கு இடப்பட்ட பெயர் ‘செயல்விளக்கத் திட்டம்’. சில சிறுமியர் இறந்த செய்தி எதிர்ப்பை எழுப்பவே, 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமென விசாரணையில் நிறுவப்படவில்லை. ஒப்புதல் பெற்ற முறையிலோ பெருங்குறைகள் வெளிப்பட்டன. பெற்றோர் இடவேண்டிய கையொப்பத்தைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே இட்டிருந்தனர். திட்டம் என்ற பெயரில் மருத்துவ ஆய்வே நடந்ததென 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது.

இத்தகைய சர்ச்சைகளுக்குப் பின் சட்டம் இறுகியது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வு பற்றிய விளக்கம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். படிக்க இயலாதவர் எனில், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.

நடைமுறையில் இது தாய்மொழியில் அச்சிட்ட படிவமாகச் சுருங்கிவிடுகிறது. பேசும் மொழியும் படிக்கும் மொழியும் ஒன்றே என்பது அதன் அடியிலுள்ள அனுமானம். சித்தூரில் அது பொய்க்கிறது. 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவான இம்மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960-இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துக்கு வந்தது. நகரி, குப்பம் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு மட்டுமே எழுதப் பழகிய தலைமுறைகள் உண்டு. அவர்களுள் ஒருவர் சிகிச்சைக்காக வேலூர் சென்றால் மருத்துவரின் தமிழ் புரியும், தமிழ்ப் படிவத்தைப் படிக்க வராது. திருப்பதிக்குச் சென்றால் தெலுங்குப் படிவத்தைப் படித்துவிடுவார். நோயைப் பற்றிய ஐயத்தைத் தமிழில்தான் அவரால் கேட்க இயலும். இரண்டு இடங்களிலும் கையொப்பம் கிடைத்துவிடும். ஒப்புதல் கிடைத்ததா என்பது வேறு வினா.

ஆகவே, ஆய்வில் சேர விரும்பும் நோயாளி படிவத்தை வாய்விட்டுப் படித்து விளக்கக் கோரலாம். வீட்டுக்கு எடுத்துச் சென்று உறவினரோடு கலந்து பேசலாம். வழக்கமான சிகிச்சை எது, இந்த ஆய்வு அதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது, பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு யார் தருவர் என்று கேட்கலாம். எந்தக் கட்டத்திலும் விலகலாம். விலகியதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. 2007-இல் தொடங்கப்பெற்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எந்த நோய்க்கு எங்கே ஆய்வு நடக்கிறது என்பதை எவரும் கட்டணமின்றித் தேடலாம். அப்பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழியியல் மாணவர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.