மணலில் எழுதிய பாடம்: தரங்கம்பாடி மிஷனும் அன்றாட ஒழுகலாறும்

தரங்கம்பாடி மிஷனின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அச்சுக்கூடத்தின் வாசலிலே தொடங்கி அச்சுக்கூடத்தின் வாசலிலேயே முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 1712-ல் கப்பலேறி வந்த அச்சு யந்திரமும், அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்துசேர்ந்த தமிழ் எழுத்துக்களும், அவ்வெழுத்துக்கள் பருமனாயிருந்து காகிதத்தை விழுங்கியதனால் புதிதாக வார்க்கப்பட்ட சிற்றெழுத்துக்களும், பொறையாற்றில் எழுந்த காகித ஆலையும், 1715-ல் நிறைவெய்திய புதிய ஏற்பாட்டுப் பதிப்பும் எண்ணிக் காட்டத்தக்க காரியங்கள். ஆகையால் சரித்திரக்காரர் கண்ணுக்கு அவை எளிதில் தென்படுகின்றன. இதற்கு மாறாக, மிஷன்களை ஐரோப்பிய வியாபாரக் கும்பினிகளின் நிழலாகவே காண்பவர்கள் கோட்டையையும் கவர்னரையும் சாசனங்களையும் நோக்குகிறார்கள். புகழ்வோரும் இகழ்வோருமாகிய இவ்விரு திறத்தாரும் ஒரு காரியத்தில் ஒன்றுபடுகின்றனர்: ஸ்தாபனத்தைப் பார்க்கிறார்களேயன்றி நாளைப் பார்ப்பதில்லை. விடிந்தது முதல் விளக்கேற்றும் வரையில் ஓர் உபதேசி யாரோடு பேசினான், எவரிடம் பாடம் கேட்டான், எங்கே கை நனைத்தான், யாருடைய கடனுக்காக வழக்காடினான் என்பவற்றிலேதான் தரங்கம்பாடியில் உபதேசம் உண்மையில் சோதிக்கப்பட்டது என்பதும், அதன் சித்தியும் தோல்வியும் ஆங்கேயே நிர்ணயமாயின என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியர் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடித் துறையை அடைந்தபொழுது அவர்களை வரவேற்க விரும்பியவர் ஒருவரும் இலர். கும்பினியாருக்கு அவர்கள் வேண்டாத விருந்தாளிகள்; ஊராருக்கோ மற்றுமிரு பரங்கியர். துறைமுகத்தில் வழங்கிய போர்த்துகேய மொழியைப் புளூட்சோ மேற்கொள்ள, இருபத்து நான்கு வயதினரான சீகன்பால்க் தமிழை மேற்கொண்டார். கற்பிக்க நூலுமில்லை, இருமொழியறிந்த ஆசானும் தொடக்கத்தில் வாய்க்கவில்லை. ஆகவே முதுமையெய்திய திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரை அவருடைய மாணாக்கரோடு தம் வீட்டிற்கே அழைத்துவந்து, பள்ளியை அங்கே நடத்தும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் காட்சியை மனக்கண்ணால் சற்று நின்று பார்ப்பது பயனுடையது. தரையில் பரப்பிய மணல். அதன்முன் சப்பணமிட்டு அமர்ந்த சிறுவர்கள். முன்னே ஒருவன் உரக்கச் சொல்ல, பின்னே மற்றவர் அதை இராகத்தோடு திருப்பிச் சொல்லியவாறே ஆள்காட்டி விரலால் எழுத்தின் வளைவை மணலில் இழுக்கிறார்கள். அவர்களுக்கிடையே, காலை மடக்கி அமரப் பழகாத ஒரு சாக்சனி தேசத்து வாலிபர், ஹாலேயில் கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற விரலால் அகரத்தின் சுழியைச் சரிவர வளைக்கமாட்டாமல் அழித்தழித்து எழுதுகிறார். உபாத்தியாயருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாதாகையால், எழுத்து வடிவம் கைவந்த பின்னும் சொல்லின் பொருள் விளங்கவில்லை. பிறகு பல மொழி வல்ல ஒரு துபாஷியை அமர்த்திக்கொண்ட பின்னரே பொருள் திறந்தது. போதிக்க வந்தவர் முதலிற் செய்த காரியம் பாலர்க்குச் சமமாகத் தரையில் அமர்ந்து கற்றது. அவர் இதனை ஒரு தந்திரமாகச் செய்தார் என்று கொள்வதற்கு இடமில்லை. வேறு வழியின்மையே அவரை அங்கே அமர்த்தியது. ஆயினும் வேறு வழியின்மையால் நேர்ந்த அந்தத் தாழ்மை பிற்காலத்தில் அவருடைய போதனை முழுவதற்கும் அடித்தளமாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், திண்ணைப் பள்ளியில் எழுத்தோடு கூடவே மாணாக்கர் நாவில் ஏறுவன நீதிநூல்கள். தாய் தந்தையரைப் பேணுதல், பொய் கூறாமை, பிறர் பொருள் நயவாமை, தீயோர் சேர்க்கை விலக்கல் என்று இன்னின்ன செய்க, இன்னின்ன தவிர்க என்பதே அவற்றின் பொருள். கடவுட்கொள்கை பற்றிய தர்க்கம் அவற்றில் அருகியே காணப்படும். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் சீகன்பால்க் 1708-லேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார். வந்த இரண்டே ஆண்டில் அவர் இதனைச் செய்ததைக் கண்டு மொழித்திறத்தை மட்டும் வியப்போர், அதனினும் முக்கியமான ஒன்றைக் கவனியாது விடுகின்றனர். எந்த ஜனங்களுக்குப் போதிக்க வந்தாரோ, அந்த ஜனங்கள் கல்வி என்பதை ஒழுக்கத்தினின்று பிரித்தறியாதவர்கள் என்பதை அவர் அந்நூல்களின் வாயிலாகவே அறிந்துகொண்டார். ‘நீர் என்ன போதிக்கிறீர்?’ என்று கேட்பதற்கு முன்னே ‘நீர் எப்படி நடக்கிறீர்?’ என்று கேட்பவர்களிடையே தாம் வந்திருப்பது அவருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும்.

புலப்படாதிருந்தாலும், அவர்களே எழுதித் தெரிவித்துவிட்டார்கள். 1712 முதல் 1714 வரையில் சீகன்பால்க்கும் அவருடைய துணைவரான கிருண்ட்லரும் தமிழ் அறிந்த பலருக்கு வினாக்களை அனுப்பிப் பெற்ற விடைக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேக்குச் சென்று அச்சேறின. கிறிஸ்து மார்க்கத்தை இந்நாட்டார் இகழக் காரணம் யாது என்னும் வினாவுக்கு வந்த விடை படிப்பவரைத் திடுக்கிடச் செய்வது. திரித்துவத்தைப்பற்றியோ மனிதாவதாரத்தைப்பற்றியோ ஆட்சேபம் அங்கே முதலிடம் பெறவில்லை. பசுவைக் கொன்று தின்கிறார்கள், மலசலம் கழித்தபின் கால் கழுவுவதில்லை, மதுபானம் செய்கிறார்கள், இறந்தவர்க்குரிய கிரியைகளைச் செய்வதில்லை என்று இவ்வாறு செல்கிறது குற்றச்சாட்டு. இதனை வெறும் ஆசாரப் பிடிவாதமென்று ஒதுக்குவது எளிது. பல மிஷனெரிகளும் அவ்வாறே ஒதுக்கினார்கள். எனினும் அளவுகோலைக் கவனிக்க வேண்டும். ஒரு மார்க்கத்தின் மெய்ம்மை அதனை அனுஷ்டிப்பவனுடைய உடலிலும் உணவிலும் வீட்டு வாயிலிலும் துலங்க வேண்டும் என்பது அவ்விடையின் உள்ளுறை. ‘கனிகளினாலே அறிவீர்கள்’ என்னும் வேதவாக்கியத்தைக் கற்பிக்க வந்தவர்களிடமே அவ்வாக்கியத்தின்படி கணக்குக் கேட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். கோட்டைக்குள் வாழ்ந்த ஐரோப்பியரில் பலருடைய குடியும் கூத்தும் ஊரறிந்த செய்தியாயிருந்தமையால், அந்தக் கணக்கைத் தீர்ப்பது எளிதாயில்லை.

அதனைத் தீர்க்க வாய்த்த முதல் சந்தர்ப்பம், அக்கடிதங்களுக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுந்த ஒரு கடன் வழக்கு. தமிழ் நாவிதர் ஒருவர் இறந்தபின், அவருக்கும் கும்பினியில் துபாஷியாயிருந்த ரோமன் கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையிலிருந்த கடன் சம்பந்தமாக விதவைக்கு நேர்ந்த தொல்லையில் சீகன்பால்க் தலையிட்டார். கவர்னர் ஹாசியுஸ் இதனைத் தம் அதிகாரத்தில் கைவைத்ததாகக் கருதினார். பகை முற்றி, 1708-ன் இறுதியில் சீகன்பால்க் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டு ஏறக்குறைய நான்கு மாதம் சிறையிருந்தார். தரங்கம்பாடியில் 1707 மே மாதத்தில் முதல் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், கவர்னரின் சினத்திற்கு வேதசாஸ்திரம் காரணமன்று என்பது தெளிவாகும். பிரசங்கபீடத்தில் எதைச் சொன்னாலும் கோட்டை பொறுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாவிதன் மனைவியின் கணக்கில் தலையிட்டதைப் பொறுக்கவில்லை.

ஹாலேயின் நிலையும் ஒருவகையில் கோட்டையின் நிலையை ஒத்ததே. சீகன்பால்க் காலை முதல் நண்பகல் வரை ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தனும் அருகிருக்க ஏடுகளை வாசித்துச் சொற்களைக் குறிப்பித்துவந்தார். தாம் தொகுத்த சுவடிகளுக்கு 1708-ல் அட்டவணையும் எழுதினார். (அச்சுவடிகளில் சிலவற்றைத் தம் ஆட்களை நாட்டுப்புறத்திற்கு அனுப்பி, பிராமண விதவைகளிடம் மலிவாக வாங்கியதாக அவரே எழுதுகிறார், ஒரு விதவைக்காகச் சிறைசென்றவர் மற்ற விதவைகளிடம் மலிவாகக் கொண்டதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.) இவ்வாறு கற்றவற்றின் பலனாக 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியை எழுதி அனுப்பினார். மிஷனெரிகள் அஞ்ஞானத்தை வேரறுக்கவே அனுப்பப்பட்டார்கள், ஐரோப்பாவில் அதனைப் பரப்புவதற்கன்று என்னும் கருத்துப்பட ஹாலேயின் தலைவர் பிராங்கே மறுத்துவிட, அந்நூல் 1867-ல் சென்னையில் அச்சேறும்வரை நூற்றைம்பது ஆண்டுகள் கிடப்பிற் கிடந்தது. பிராங்கே சிறந்த பக்திமான், அநாதைகளுக்குக் கல்விச்சாலை கண்டவர். ஆயினும் மாணாக்கன் முன்பே அறிந்திருப்பதை ஆசான் அறியவேண்டும் என்னும் எளிய போதனா முறையை ஆயிரமாயிரம் காதத்திற்கு அப்பாலிருந்து அவரால் காண இயலவில்லை. மணலில் அமர்ந்தவர்க்கும் அமராதவர்க்கும் உள்ள வேற்றுமை அது.

ஜெர்மானியரைப்பற்றியே இதுவரை சொன்னோம். உண்மையில், கிராமங்களில் மிஷனின் நித்திய காரியம் முழுவதையும் சுமந்தவர்கள் தமிழ் உபதேசியார்களே. ஐரோப்பியர் தஞ்சை ராஜ்யத்திற்குள் தங்குதடையின்றிச் செல்ல இயலாதிருந்த காலத்தில், நடந்து சென்று, சத்திரங்களிலும் களத்துமேட்டிலும் பேசி, நோயுற்றவரைக் கண்டு, பிள்ளைகளுக்கு வினாவிடை சொல்லிக்கொடுத்து, நடந்ததை ஏட்டில் எழுதிக் கொணர்ந்து ஒப்புவித்தவர்கள் அவர்கள். கடலூரில் பிறந்து சைவக் குடும்பத்திலிருந்து வந்த ஆரோன் என்பவர் அவ்வாறு உபதேசியாராய் உழைத்து, 1733 டிசம்பர் 28-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றுப் புரொட்டஸ்டண்டு சபையின் முதல் தமிழ்க் குருவானார்.

ஆரோனினும் என் சிந்தையை நெடுங்காலம் பிடித்துவைத்திருப்பவர் இராஜநாயக்கன். பறையர் குலத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து, தஞ்சை மன்னர் படையில் சேவித்தவர்; தரங்கம்பாடியில் அச்சிட்ட சுவிசேஷப் புஸ்தகம் கைக்கு வர, அதனை வாசித்து மனந்திரும்பி, படைத்தொழிலை விட்டு உபதேசியாரானார். அச்சுக்கூடத்தைப் புகழ்வோர்க்கு இவரே சிறந்த சாட்சி என்று தோன்றலாம். புத்தகமே இவரைக் கொணர்ந்தது உண்மை. ஆனால் அதன்பின் நடந்தது புத்தகத்தில் இல்லாதது. ஊரூராய் எதிர்ப்பிடையே உழைத்துச் சபைகளை உருவாக்கிய இவரை, 1741-ல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தபொழுது மிஷனெரிகள் விலக்கிவிட்டுத் தியோகு என்பவருக்குப் பட்டமளித்தார்கள். இராஜநாயக்கனின் அறிவிலோ நடத்தையிலோ அவர்கள் குறை காணவில்லை. அவர் கையால் இராப்போஜனத்தை வாங்க மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், வெளியாரும் சபையை இகழ்வார்கள் என்பதே அவர்கள் கண்ட தடை. பசுவையும் கால் கழுவுதலையும்பற்றி முன்னர்க் கடிதம் எழுதியவர்களின் கருத்தை ஆசாரப் பிடிவாதமென்று தள்ளிய மிஷன், இங்கே அதனினும் கொடிய ஓர் ஆசாரத்தைச் சௌகரியமாக ஏற்றுக்கொண்டது. வெளியாருடைய ஆசாரம் மூடவழக்கம், உள்ளாருடைய ஆசாரம் உலகியல் என்று இருவேறு தராசு வைத்துக்கொண்டாற்போலாயிற்று. உபதேசியார் உபதேசியாராகவே இறுதிவரை நடந்தார்.

பின்னாளில் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் அன்றாட ஒழுகலாற்றின் வலிமை முற்றிய வடிவிற் காணப்படுகிறது. 1750-ல் வந்து 1798-ல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பாத இவர், ஒரு பித்தளை விளக்கும் சோறும் கறியுமாக எளிய வாழ்க்கை நடத்தியவர். ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டை பட்டினியில் வாடியபொழுது, விலை கொடுபடும் என்னும் அரசாங்க வாக்கை நம்பி நெல் கொண்டுவரக் குடிகள் இசையவில்லை. முன்பு ஏமாந்தவர்கள் அவர்கள். இவர் தாமே பொறுப்பேற்று எழுதியனுப்ப, வண்டிமாடுகள் வந்து, சில நாளில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்ததென்று அவரே குறித்திருக்கிறார். கையாற் பணத்தை எண்ணிக் கொடுத்த நாட்களின் மேல் எழுந்த நம்பிக்கை அது. ஒரு நாளிற் பிறந்ததன்று. அரசியலில் அவர் வகித்த பங்கு குறித்து விவாதிக்க இடமுண்டு, அது வேறு கட்டுரைக்குரியது.

ஆனால் அத்தகைய சுவார்ட்ஸின் தஞ்சைச் சபையிலும் கோயிலுக்குள் சாதிவாரியாக வேறுவேறிடத்து அமர்தலும் இராப்போஜனப் பாத்திரத்தில் முன்பின் முறையும் நீடித்தன. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் இவ்வேற்றுமைகளை உடனே ஒழிக்குமாறு கட்டளையிட, தஞ்சையில் மேற்சாதியார் பலர் கோயிலை விட்டு வெளியேறினர். சுவார்ட்ஸ் சிறுவயதிலேயே தம்மோடு அழைத்துவந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியார், கிறிஸ்தவ பக்தியைத் தமிழ்ச் சந்தத்தில் ஊட்டியவர், சாதி வழக்கத்தை ஆதரித்து அதற்கு முன்பே வாதம் எழுதியிருந்தார். பிஷப்பின் கட்டளை விசுவாசப்பிரமாணத்தின் ஒரு வரியையும் தொட்டதில்லை. கோயிலில் யார் அருகே யார் பாயில் அமர்வது, பாத்திரம் எவர் உதட்டிலிருந்து எவர் உதட்டிற்குச் செல்வது என்பதே அதில் எழுந்த கேள்வி. இராஜநாயக்கனை விலக்கிய அந்த 1741-ஆம் ஆண்டில், அதே பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தரங்கம்பாடி மிஷனெரிகள் விடைகூறாமல் வைத்த கேள்வியும் அதுவே.