லயம்: ஒரு கட்டிடத்தின் வரலாறு

கட்டிடக்கலை என்று எழுத உட்கார்ந்தால் நம்மவர் பேனா நேரே கோர்தோவாவுக்கும் ஆக்ராவுக்கும் போய்விடும். போகட்டும், பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் பன்விலயிலிருந்து மடுல்கலைக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற நீண்ட தகரக் கூரைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் எழுதவில்லை.

லயத்தின் அமைப்பு எளிமையானது. ஒரே கூரை, ஒரே வரிசை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் சின்ன இஸ்தோப்பு. கோப்பிக் காலத்தில் மண்ணும் கம்பும் வைத்துக் கட்டினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு, பின்னர் தேயிலை நிலைத்த பிறகு கருங்கல்லும் செங்கல்லும் வந்தன. சுவர் மாறியது, அளவு மாறவில்லை.

இரட்டை லயத்தில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்சுவர் இருவருக்கும் பொது. அதனால் பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியில்லை. காற்று ஒரு பக்கத்தால்தான் வரும், அடுப்புப் புகையும் அதே பக்கத்தால்தான் போகவேண்டும். கூரை மரம் தொடர்ச்சியாக ஓடுவதால் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோகும். "லயத்தில் தீ" என்று பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோமே, அதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல. கட்டிய முறையும் காரணம்.

இந்த அமைப்பு இங்கே மட்டும் இருந்ததல்ல. பர்மிங்ஹாம், லீட்ஸ் போன்ற இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலும் தொழிலாளருக்கு இப்படி முதுகொட்டிய செங்கல் வீடுகள்தான். நோய் பரவுகிறது, காற்றில்லை என்று பல்லாண்டுகள் வாதாடிய பின், 1909ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வகை வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடுத்தது. பர்மிங்ஹாமில் எஞ்சிய ஒரு தொகுதி 2004 முதல் நூதனசாலையாக இருக்கிறது. அங்கே சனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். இங்கே இன்னமும் குடியிருக்கிறார்கள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காம்பரா மட்டும் அதில் வாழ்ந்தவர் பெயருக்கு வரவில்லை. சொந்தமில்லாத சுவரில் ஜன்னல் வெட்டவும் ஒருவரிடம் கேட்கவேண்டும். அண்மைக் காலத்தில் தனிவீடுகள் கட்டப்படுகின்றன. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. நல்ல தொடக்கம், ஆனால் தேவை இதைவிடப் பெரியது.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். மலைநாட்டுத் தோட்டப்புற டவுன்களில் கடை வைத்தவர்களில் நம்மவர் பலர். புடவைப் பொட்டணியைத் தோளில் சுமந்து லயம் லயமாக ஏறியவர்களும் நம் மூத்தவர்களே. அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறார்கள். அங்கே எழுதிய கடன்கொப்பியில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, உடைபடுமுன் ஒரு லயத்தையாவது அளந்து வரையச் சொல்லலாம். குடியிருப்போர் அனுமதியோடுதான். உடைக்கவேண்டியதை உடைக்கட்டும். ஆனால் எத்தனை அடிக்குள் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்ற கணக்கு எழுத்தில் இருக்கவேண்டும்.