ராத்திரி தடவுற கிரீமும் ஹோம்ஸ்பர்க் சிறையும்

எனக்கு 28 வயசு. போன வருஷம் ஒரு வீடியோ கால்ல என் கண்ணோரக் கோடுகளைப் பார்த்து மிரண்டுபோய் தோல் டாக்டர்கிட்ட ஓடினேன். அவங்க எழுதிக் கொடுத்தது டிரெட்டினோயின். ராத்திரி ஒரு பட்டாணி அளவு, காலையில கண்டிப்பா சன்ஸ்கிரீன். கோட் எழுதுறவன் புத்தி சும்மா இருக்குமா? ஒரு வரியை யார் எழுதினாங்கன்னு ‘கிட் பிளேம்’ போட்டுப் பார்க்கிற மாதிரி, இந்த கிரீமோட வரலாற்றைத் தோண்டினேன். கடைசியா போய் நின்ன இடம் ஒரு சிறை.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துல இருந்த ஹோம்ஸ்பர்க் சிறை. 1951-ல, கைதிகளோட கால்ல வந்த படையைப் பார்க்க, பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனைக் கூப்பிட்டாங்க. அவர் கண்ணுக்கு நோயாளிகளைவிட ஆராய்ச்சிக்கான வாய்ப்புதான் பெருசா தெரிஞ்சுது. நூத்துக்கணக்கான பேர், ஒரே இடம், ஒரே சாப்பாடு, யாரும் எங்கேயும் போக முடியாது. 1974 வரைக்கும் அங்கே சோதனைகள் நடந்துச்சு. அழகுப் பொருட்கள், மருந்துகள், ஒரு கட்டத்துல டவ் கெமிக்கல் நிறுவனத்துக்காக டையாக்சின் என்ற நச்சுப் பொருளைக்கூடக் கைதிகள் தோல்ல தடவினாங்க.

கைதிகள் கையெழுத்துப் போட்டாங்கதான், காசும் வாங்கினாங்க. ஆனா பலர் தண்டனை பெற்றவங்களே இல்லை. விசாரணைக்காகக் காத்திருந்தவங்க, ஜாமீன் கட்டப் பணம் இல்லாதவங்க. பெரும்பாலும் கறுப்பினத்தவர். சிறை வேலைக்கு நாளைக்குச் சில சென்ட்தான் கூலி. முதுகைக் காட்டினா டாலர்ல கிடைக்கும். இதைச் சம்மதம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

டிரெட்டினோயின் வைட்டமின் ஏ-வோட அமில வடிவம். இதைப் பருவுக்கு மருந்தாக்கினவர் கிளிக்மன். அதோட ஆரம்பச் சோதனைகள்ல ஹோம்ஸ்பர்க் கைதிகளும் இருந்தாங்க. 1971-ல ரெட்டின்-ஏ என்ற பேர்ல அமெரிக்காவில் அனுமதி கிடைச்சுது. அப்புறம்தான் ஒரு எதிர்பாராத விஷயம். பருவுக்குத் தடவின நடுத்தர வயசுப் பெண்கள், சுருக்கமும் குறையுதேன்னு சொன்னாங்க. 1986-ல கிளிக்மன் குழு அதை ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. 1988-ல மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 30 பேரை வெச்சு 16 வாரம், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் கிரீம்னு தெரியாம சோதிச்சுது. பலன் உண்மைதான்னு தெரிஞ்சதும் மருந்துக் கடைகள்ல தள்ளுமுள்ளு. 1995 டிசம்பர்ல, சுருக்கத்துக்குன்னே ரெனோவா என்ற கிரீமுக்கு அனுமதி.

எப்படி வேலை செய்யுது? நாம வயசுன்னு நினைக்கிறதுல பெரும்பங்கு வெயில். புற ஊதாக் கதிர் பட்டா, தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜனை அரிக்கிற என்சைம்கள் பெருகும். டிரெட்டினோயின் செல்லோட உட்கருவில் இருக்கிற ரிசெப்டரோட ஒட்டி, அந்த என்சைம்களை அடக்கும், புதுக் கொலாஜனையும் தூண்டும். பலன் தெரிய மாசக்கணக்காகும். முதல் சில வாரம் தோல் உரியும், எனக்கும் உரிஞ்சுது. கர்ப்பமா இருக்கிறவங்க இதைத் தவிர்க்கணும்.

சரி, அந்தக் கைதிகள்? 1971-ல அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் போன ஆலன் ஹார்ன்ப்ளம், வரிசையா கட்டுப் போட்ட முதுகுகளைப் பார்த்தார். அது மனசை விட்டுப் போகலை. 1998-ல ‘ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்’ என்ற புத்தகமா எழுதினார். அதுக்கப்புறம் சுமார் 300 முன்னாள் கைதிகள் வழக்குப் போட்டாங்க. காலம் கடந்துடுச்சுன்னு கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. பண்ணினது அன்றைய நடைமுறைக்கு உட்பட்டதுதான்னு கிளிக்மன் கடைசி வரைக்கும் சொன்னார். 2010-ல இறந்தார்.

பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2021-ல. நகர நிர்வாகம் 2022 அக்டோபர்ல. அதுக்குள்ள அந்த வரிசையில நின்னவங்கள்ல பலர் உயிரோட இல்லை.

கிரீமை நான் நிறுத்திட்டேனான்னு கேட்பீங்க. இல்லை, நேத்து ராத்திரியும் தடவினேன்.